பொங்கலுக்கு ஊருக்குப் போன நேரத்தில் நைட்ரஜன் வற்றிவிட்டது: மிச்சமிருக்கும் சினை ஊசிக் குச்சிகளை நம்பலாமா?

பெங்களூரில் கே.ஆர்.புரம் தாண்டி ஹொசகோட்டே போகும் வழியில் பால் மாடு வைத்திருக்கும் ஒரு வாசகி, கால்நடை மருத்துவரான எனக்கு நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டதால், அடையாளம் தெரியும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார், மாடுகள் இவர் பொறுப்பு. 14 மாடுகள், பெரும்பாலும் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு, ரெண்டு ஜெர்சி. மாடுகளுக்குச் சினை ஊசி போடும் தம்பி கூப்பிட்ட நேரத்துக்குக் குச்சியோடு வருவதில்லை என்பதால், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய மூணு லிட்டர் திரவ நைட்ரஜன் கன்டெய்னர் ஒன்றையும் உறைவிந்துக் குச்சிகளையும் (காளையின் விந்தை அடைத்து உறைய வைத்த மெல்லிய குழாய்கள்) அந்தத் தம்பியிடமே மொத்தமாக வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார். வாரத்துக்கு ஒரு தடவை நைட்ரஜன் ஊற்றிக்கொள்வார். அதுவரை "ரெண்டு ஊசிக்கு ஒண்ணு நிக்கும்", அதாவது சினை பிடிக்கும்.

இந்தப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போய் 12 நாள் தங்கிவிட்டார்கள். திரும்பி வந்து அளவுகோலை விட்டுப் பார்த்தால் நைட்ரஜன் இல்லை. "ஆனா உள்ள கை வைக்க முடியாத சில்லிப்பு இருந்துச்சு, வெள்ளைப் புகையும் வந்துச்சு" என்கிறார். மறுநாள் ஊற்றிவிட்டார். அதற்குப் பிறகு 11 ஊசி, நின்றது ரெண்டே ரெண்டு. கையில் இன்னும் 32 குச்சி இருக்கிறது. குச்சியின் மேல் 2016 என்று அச்சடித்திருக்கிறது, அதனால் காலாவதிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டானோ என்று சந்தேகம். கொழுந்தனார் மகன் பொம்மசந்திராவில் ஒரு மருந்து கம்பெனி ஆய்வகத்தில் இருக்கிறான், அங்கே மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் இருக்கிறது, குச்சியை அதில் வைத்துவிட்டால் நைட்ரஜன் தொல்லையே இல்லை என்கிறானாம். பக்கத்துத் தோட்டத்தில் நல்ல ஹள்ளிகார் இனக் காளை ஒன்று இருக்கிறது, அதனிடம் விந்து எடுத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டால் என்ன என்பது இன்னொரு கேள்வி. கடைசியாக, ஊசி போடும் தம்பியிடம் நஷ்ட ஈடு கேட்கலாமா என்று கேட்கிறார்.

அம்மா, கடிதம் தெளிவாக இருக்கிறது. எத்தனை ஊசி, எத்தனை நின்றது என்று எழுதி வைத்திருக்கிறீர்களே, பெரிய பண்ணைக்காரர்கள் பலபேர் அதைக்கூடச் செய்வதில்லை. நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லாமல், எது அவசரமோ அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்: அந்த 32 குச்சியில் ஒன்றைக்கூட இப்போதைக்கு மாட்டுக்குப் போடாதீர்கள். தூக்கியும் போடாதீர்கள். பரிசோதனை செய்து பார்க்க வழி இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

2016 என்பது காலாவதித் தேதி இல்லை

முதலில் அந்தத் தம்பி மேல் இருக்கும் கோபத்தில் ஒரு பாதியை இறக்கி வையுங்கள். குச்சியில் இருப்பது உறைய வைத்த தேதி. அதோடு காளையின் எண், இனம், எந்த நிலையத்தில் தயாரானது என்ற குறியீடு எல்லாம் இருக்கும். மாத்திரை அட்டையில் இருப்பது போன்ற கெடு எதுவும் அதில் கிடையாது, ஏனென்றால் நைட்ரஜனுக்குள் முழுகி இருக்கும் வரைக்கும் விந்து வயசாவதில்லை. திரவ நைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி. அந்தக் குளிரில் உயிரணுவுக்குள் எந்த ரசாயன மாற்றமும் நடப்பதற்கு வழியில்லை. ஆஸ்திரேலியாவில் 1968-ல் உறைய வைத்த செம்மறிக் கிடாவின் விந்தை ஐம்பது வருஷம் கழித்து 56 ஆடுகளுக்குப் போட்டார்கள், 34 ஆடுகள் சினை பிடித்தன. புதிதாக உறைய வைத்த விந்துக்குக் கிடைக்கும் விகிதமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். சிட்னி பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட விஷயம் இது. ஆக 2016 குச்சி பழசு இல்லை. ஒழுங்காக வைத்திருந்தால் உங்கள் பேரன் காலத்திலும் அது வேலை செய்யும்.

அந்த "ஒழுங்காக" என்பதில்தான் சிக்கல். குச்சி எத்தனை வருஷம் இருந்தது என்பது கணக்கே இல்லை. நடுவில் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் சூடு ஏறி இறங்கியது என்பதுதான் கணக்கு.

புகை வந்ததே என்கிறீர்கள்

கன்டெய்னரைத் திறந்ததும் வரும் வெள்ளைப் புகை நைட்ரஜன் இல்லை, நம் காற்றில் இருக்கும் ஈரம் குளிரில் பனியாகித் தெரிவது. உள்ளே மைனஸ் 190 இருந்தாலும் வரும், மைனஸ் 60 இருந்தாலும் வரும். சில்லிப்பும் அப்படித்தான், மைனஸ் 50-க்கும் மைனஸ் 150-க்கும் வித்தியாசம் சொல்ல நம் கையால் முடியாது. ஆனால் குச்சிக்குள் இருக்கும் உயிரணுவுக்கு அந்த ரெண்டுக்கும் நடுவில்தான் வாழ்வும் சாவும்.

ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இது புரிந்துவிட்டால் உங்கள் மற்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். விந்தை உறைய வைக்கும்போது அதோடு முட்டை மஞ்சள் கரு மாதிரியான ஒன்றையும் கிளிசராலையும் சேர்ப்பார்கள். முட்டைக் கரு உயிரணுவின் மேல்சவ்வைக் குளிர் தாக்காமல் காக்கும், கிளிசரால் உள்ளே பெரிய பனிக்கட்டி உருவாகாமல் பார்த்துக்கொள்ளும். உறைந்த பிறகும் குச்சிக்குள் பனி இருக்கத்தான் செய்யும், ஆனால் பொடிப்பொடியாக, சவ்வைக் கிழிக்காத அளவில் இருக்கும். சுமார் மைனஸ் 130-க்குக் கீழே இருக்கும் வரை அந்தப் பொடி அசையாது. அதைத் தாண்டி மேலே ஏற ஏற, பொடிப் பனி ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய கட்டியாக மாற ஆரம்பிக்கும். கரண்ட் போய் வந்த பிறகு ஐஸ்கிரீமைச் சாப்பிட்டால் நாக்கில் நறநறவென்று படுமே, அதே விஷயம்தான். மைனஸ் 80-க்கு மேல் போனால் இந்த வேலை வேகமாக நடக்கும். பெரிசான பனி உயிரணுவின் சவ்வைக் குத்திக் கிழிக்கும். மறுபடி நைட்ரஜன் ஊற்றினால் குளிர் திரும்பி வரும், கிழிந்த சவ்வு திரும்பி வராது. ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் நடக்கும் சேதம் முந்தையதோடு சேர்ந்துகொண்டே போகும். குச்சியை வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, அதே நிறம், அதே எழுத்து.

உங்கள் கன்டெய்னரில் நைட்ரஜன் என்றைக்குத் தீர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தீர்ந்திருந்தால் குச்சிகள் பெரும்பாலும் தப்பித்திருக்கும், ஏனென்றால் கன்டெய்னருக்குள் குளிர் உடனே போய்விடாது. மூணு நாளைக்கு முன்னால் தீர்ந்திருந்தால் கதை வேறு. அதற்கு மேல், வந்த அன்றே ஊற்றாமல் மறுநாள் ஊற்றியிருக்கிறீர்கள். அந்த ஒரு ராத்திரியும் கணக்கில் சேரும்.

புதிய மூணு லிட்டர் கன்டெய்னர் என்றால், நிறைய ஊற்றித் திறக்காமல் வைத்தால், 12 நாள் தாங்கியிருக்க வேண்டும். உங்களுடையது தாங்கவில்லை. அது பழசு, ரெண்டு சுவருக்கு நடுவில் இருக்கும் வெற்றிடம் குறைந்துபோயிருக்கலாம். கழுத்துப் பக்கமோ வெளிப்புறமோ வேர்த்திருக்கிறதா, பனி படிந்திருக்கிறதா என்று காலையில் பாருங்கள். அப்படி இருந்தால் அந்தக் கன்டெய்னரின் கதை முடிந்தது, பணம் மிச்சம் என்று நினைத்து வைத்திருக்காதீர்கள். வெளியே எதுவும் தெரியாவிட்டால், நிரப்பி வைத்து தினமும் ஒரே நேரத்தில் மரக்கோலை அடிவரை விட்டு எடுத்துக் காற்றில் ஆட்டுங்கள், வெள்ளையாகப் பனிக்கோடு விழும் உயரம்தான் நைட்ரஜனின் உயரம். பத்து நாள் எழுதி வைத்தால் எத்தனை நாளில் தீரும் என்று தெரிந்துவிடும். அஞ்சு சென்டிமீட்டருக்குக் கீழே எப்போதும் இறங்க விடாதீர்கள்.

ஊசி போடும்போது நடப்பது

நீங்கள் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "குச்சியைத் தேடும்போது கப்பை வெளியே தூக்கி வெளிச்சத்துல பார்ப்பாரு, அப்புறம் சட்டைப் பையில போட்டுக்கிட்டு மாட்டுக்கிட்ட போவாரு." கப் என்பது கன்டெய்னருக்குள் குச்சிகளைப் போட்டு வைக்கும் சின்னக் குவளை. எனக்கு இந்த வரிதான் பொங்கல் விஷயத்தைவிடக் கவலை தருகிறது, ஏனென்றால் பொங்கல் ஒரு தடவை நடந்தது, இது ஒவ்வொரு ஊசிக்கும் நடக்கிறது.

கன்டெய்னரின் கழுத்துக்குள் எல்லா இடமும் மைனஸ் 196 இல்லை. கன்டெய்னருக்குக் கன்டெய்னர் மாறும் என்றாலும், தோராயமாக, வாயிலிருந்து ஆறு அங்குலம் கீழே மைனஸ் 180 இருக்கும், மூணு அங்குலம் கீழே மைனஸ் 80-ஐ ஒட்டி இருக்கும், ஒரு அங்குலம் கீழே மைனஸ் 20-தான். நம் நாட்டில் புழங்கும் குச்சி 0.25 மில்லி, பேனா ரீஃபிள் தடிமன் கூட இல்லை, சூடு ஏற அதற்குச் சில விநாடி போதும். கப்பை வாய்க்கு வெளியே தூக்கி வெளிச்சத்தில் தேடினால், எடுக்கும் ஒரு குச்சிக்காகக் கூட இருக்கும் முப்பதும் வேகின்றன. அவர் எடுக்கும் குச்சி இன்றைக்கே மாட்டுக்குள் போய்விடும், அதற்குப் பெரிய நஷ்டம் இல்லை. மற்றவை திரும்ப உள்ளே போய் உறைந்து, அடுத்த தடவை மறுபடி வெளியே வரும். கடைசியாக எடுக்கப்போகும் குச்சி அதற்குள் எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ரெண்டு வருஷம் ஒரே கன்டெய்னர்!

சரியான முறை இது. கப்பைக் கழுத்தின் உள்ளேயே, உள்சுவரில் பனி படிந்திருக்கும் கோட்டுக்குக் கீழே நிறுத்தி, இடுக்கியால் எடுக்க வேண்டும். எட்டு பத்து விநாடிக்குள் கிடைக்கவில்லை என்றால் திரும்ப நைட்ரஜனுக்குள் இறக்கி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தூக்க வேண்டும். எந்தக் கப்பில் எந்தக் காளை என்று ஒரு நோட்டில் எழுதி கன்டெய்னர் பக்கத்திலேயே தொங்கவிட்டால் தேட வேண்டிய அவசியமே இருக்காது.

அடுத்து சட்டைப் பை. உறைந்த குச்சியை உருக்குவதற்கு 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைக்க வேண்டும், அரை நிமிஷம், அவ்வளவுதான். ஏன் வேகமாக உருக்கச் சொல்கிறோம் என்றால், நான் மேலே சொன்ன அந்த ஆபத்தான இடைவெளியைத் திரும்பக் கடந்துதான் அது மேலே வர வேண்டும், மெதுவாகக் கடந்தால் பனி பெரிசாக நேரம் கிடைக்கும். சட்டைப் பையிலும் உள்ளங்கையிலும் உருகுவது மெதுவாகத்தான் நடக்கும். குழாய்த் தண்ணீரும் சரிப்படாது, பெங்களூர் டிசம்பர் காலையில் அது இருக்கும் குளிர் உங்களுக்கே தெரியும். ஒரு பிளாஸ்க், ஒரு தெர்மாமீட்டர், கொஞ்சம் வெந்நீர் போதும், மொத்தச் செலவு சில நூறு ரூபாய். உருக்கிய பிறகு குச்சியைத் துடைத்து உலர்த்திவிட்டுத்தான் வெட்ட வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் உயிரணு கெடும். விந்தைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் 'கன்' என்ற கருவியையும் ஒரு துணியால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் 37-க்கு வந்த விந்து குளிர்ந்த இரும்பில் பட்டு மறுபடி அடி வாங்கும். உருக்கியதிலிருந்து பத்து பதினைந்து நிமிஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். மாடு உதைக்கிறது, பிடிக்க ஆள் வரட்டும் என்று காத்திருந்தால் அந்தக் குச்சி போனதுதான். உருக்கியதை ஒருநாளும் திரும்ப நைட்ரஜனுக்குள் போடக் கூடாது. இப்படிப் போட்டு வைத்த ஆட்களை எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

கொழுந்தனார் மகனின் ஃப்ரீசர்

பையன் நல்ல மனசோடு சொல்லியிருக்கிறான், ஆனால் வேண்டாம். மைனஸ் 80 என்றால் நமக்குப் பயங்கரக் குளிர், உறைவிந்துக்கு அது போதாத குளிர். இதைக் கஷ்டப்பட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். 1949-ல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூன்று பேரும் கிளிசரால் சேர்த்தால் உறைந்த விந்து பிழைக்கும் என்று காட்டிய பிறகு, முதல் சில வருஷங்கள் காளை விந்தை உலர் பனிக்கட்டியில்தான் (டிரை ஐஸ்) வைத்திருந்தார்கள். அதன் வெப்பநிலை சுமார் மைனஸ் 79, அதாவது உங்கள் பையனின் ஃப்ரீசர்தான். மாசக்கணக்கில் வைத்தபோது சினை பிடிப்பது குறைந்துகொண்டே வந்தது. அதனால்தான் எல்லோரும் திரவ நைட்ரஜனுக்கு மாறினார்கள், இத்தனை தொல்லையும் செலவும் இருந்தும். இன்னொன்று, கம்பெனி ஃப்ரீசரில் மாட்டு விந்து இருப்பதை யாராவது பார்த்தால் பையன் வேலைக்கு என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்.

ஹள்ளிகார் காளையும் வீட்டு ஃப்ரிட்ஜும்

இதை ரெண்டு பகுதியாகப் பார்க்க வேண்டும். உறைய வைக்காமல் குளிர வைத்து விந்து பாதுகாக்கும் முறை இருப்பது உண்மைதான். இந்தியாவில் செயற்கைக் கருவூட்டல் ஆரம்பித்தது 1939-ல், நம் பக்கத்து மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில், சம்பத் குமாரன் என்ற கால்நடை மருத்துவர் செய்தது. அப்போது உறைவிந்து என்பதே கிடையாது. பிறகு முட்டைக் கரு கலந்த கரைசலில் நாலு அஞ்சு டிகிரியில் வைத்து ரெண்டு மூணு நாளைக்குள் போட்டுக்கொண்டார்கள், ரொம்ப வருஷம் இதுதான் நடைமுறை.

ஆனால் எடுத்த விந்தை அப்படியே பாட்டிலோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஆகாது. உடம்புச் சூட்டிலிருந்து ஒரேயடியாக அஞ்சு டிகிரிக்கு இறக்கினால் உயிரணுக்களின் சவ்வு விறைத்து ஓட்டை விழும், அசைவு நின்றுவிடும், சூடு பண்ணினாலும் திரும்பாது. கரைசல் சேர்த்து, மணிக்கணக்கில் மெதுவாக இறக்க வேண்டும். இதில் பிராணிக்குப் பிராணி கணக்கு மாறும்: பன்றியின் விந்தை அஞ்சு டிகிரிக்குக் கொண்டுபோனாலே செத்துவிடும், அதை 17 டிகிரியை ஒட்டித்தான் வைப்பார்கள். வெள்ளாட்டுக் கிடாவின் விந்தில் இருக்கும் ஒரு நொதி முட்டைக் கருவோடு சேர்ந்தால் உயிரணுவுக்கே விஷமாகிவிடும். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து மூடும்போது வெப்பநிலை ஏறி இறங்குவது வேறு.

இதைவிடப் பெரிய காரணம் நோய். அந்தக் காளைக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா, காசநோய், இனச்சேர்க்கையில் பரவும் டிரைக்கோமோனாஸ் எதுவும் இல்லை என்று யார் சோதித்தது? அரசு அங்கீகாரம் பெற்ற உறைவிந்து நிலையங்களில் காளைகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் இதற்கெல்லாம் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு புரூசெல்லா வந்தால் உங்கள் 14 மாட்டுக்கும் பரவலாம், பால் கறக்கும் உங்களுக்கும் அது தொற்றலாம். ஹள்ளிகார் வேண்டும் என்றால் அந்த இனத்தின் சோதித்த உறைவிந்துக்கு உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். ஆனால் பாலுக்காக வைத்திருக்கும் எச்.எஃப். கலப்புக்கு ஏன் உழவு மாட்டு இனத்தைப் போடப் பார்க்கிறீர்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தால் தனியாக எழுதுங்கள்.

அப்படியானால் தப்பு குச்சியில்தானா?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். 11-க்கு 2 என்பது கெட்ட கணக்கு, ஆனால் அது மட்டுமே தீர்ப்பு சொல்லாது. நம் நாட்டில் கிராமத்தில் போடும் ஊசிகளில் சராசரியாக மூணில் ஒன்றுதான் நிற்கிறது. எல்லாம் சரியாக இருந்து அந்த விகிதத்தில் நடந்தாலும்கூட, 11 ஊசியில் ரெண்டோ அதற்குக் குறைவாகவோ நிற்பது தற்செயலாகவே நாலு தடவைக்கு ஒரு தடவை வரும். ஆனால் உங்கள் தொழுவத்தில் பழைய விகிதம் பாதிக்குப் பாதி என்கிறீர்கள். அது நோட்டில் உள்ள கணக்காக இருந்தால், திடீரென்று 11-க்கு 2 என்பது தற்செயலாக நடப்பது நூற்றில் மூணு தடவைதான். ஆகவே ஏதோ மாறியிருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். "ரெண்டுக்கு ஒண்ணு" என்பது ஞாபகத்திலிருந்து சொன்னதா, எழுதி வைத்ததா என்று முதலில் பாருங்கள். நல்லபடி நின்றதுதான் மனசில் நிற்கும், நிற்காதது மறந்துபோகும், எல்லோருக்கும் அப்படித்தான்.

மாறியது குச்சி மட்டுமா என்பதும் கேள்வி. சினை பிடிக்க நாலு விஷயம் சேர வேண்டும்: விந்தின் தரம், பருவத்தை நேரத்துக்குக் கண்டுபிடித்தது, ஊசி போடும் கை, மாட்டின் கர்ப்பப்பை. ஒவ்வொன்றும் 90 சதவீதம் சரி என்று வைத்துக்கொண்டாலும் நாலையும் பெருக்கினால் 65-தான் வரும், ஒன்று பாதியாகக் குறைந்தால் மொத்தமும் பாதியாகும். 11 ஊசியில் எத்தனை ஒரே மாட்டுக்குத் திரும்பத் திரும்பப் போட்டது என்று நீங்கள் எழுதவில்லை. மூணு ஊசி போட்டும் நிற்காத மாடு இருந்தால், அதற்கு நாலாவது ஊசி போடுவதற்கு முன்னால் டாக்டரைக் கூப்பிட்டுக் கர்ப்பப்பையைப் பார்க்கச் சொல்லுங்கள். கன்று போட்டு எத்தனை நாளில் ஊசி போட்டீர்கள், தாது உப்புக் கலவை கொடுக்கிறீர்களா என்பதும் இதில் சேரும். காலையில் கத்த ஆரம்பித்தால் சாயங்காலம், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை என்ற பழைய விதி இன்னும் செல்லும்.

ஒரு எச்சரிக்கை. கத்துகிறது என்றாலே சினை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சினையாக இருக்கும் சில மாடுகளும் பருவ அறிகுறி காட்டும். பார்க்காமல் அவசரப்பட்டுக் கன்னை விட்டால் நின்ற சினையும் கலைந்துபோகும். நின்றதா இல்லையா என்று சந்தேகமுள்ள மாடுகளை முதலில் சினைப் பரிசோதனை செய்யுங்கள்.

இனி அந்த 32 குச்சி. வெவ்வேறு கப்பிலிருந்து மொத்தம் மூணு குச்சியைப் பரிசோதனைக்குத் தியாகம் செய்யுங்கள். ஹெப்பாளில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இனப்பெருக்கத் துறையில் கேட்டுப் பாருங்கள், ஹெசரகட்டாவில் மத்திய அரசின் உறைவிந்து உற்பத்தி, பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. 37 டிகிரியில் உருக்கி, சூடான மேடையுள்ள மைக்ராஸ்கோப்பில் எத்தனை உயிரணு முன்னோக்கி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். நிலையத்திலிருந்து வெளியே வரும்போது நூற்றுக்கு 50-க்குக் குறையாமல் ஓட வேண்டும் என்பது மத்திய அரசின் தர விதி. உங்கள் குச்சிகள் 20, 30 என்று வந்தால் மொத்தத்தையும் விட்டுவிடுங்கள், விவாதமே வேண்டாம். 50-ஐ ஒட்டி வந்தால் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு விஷயம்: ஓடுகிற உயிரணு எல்லாம் கருத்தரிக்க வைக்கும் என்று சொல்ல முடியாது, தலையில் இருக்கும் தொப்பி போன்ற உறை சேதமாகியிருந்தால் அது ஓடினாலும் முட்டைக்குள் நுழையாது. அதனால் பாஸ் ஆனாலும் உங்கள் நல்ல கறவை மாடுகளுக்குப் புதுக் குச்சியே வாங்கிப் போடுங்கள்.

பணம் போகுமே என்று நினைப்பீர்கள். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 250 ரூபாய் தீவனம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பருவம் தவறினால் அடுத்தது 21 நாள் கழித்து, அதாவது 5,250 ரூபாய், பால் நஷ்டத்தைச் சேர்க்காமலே. குச்சி விலையை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படுக்கையறையில் கன்டெய்னர்

திருட்டுப் பயத்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாக எழுதியதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயு. கன்டெய்னர் ராத்திரியில் உருண்டு கொட்டினால், ஜன்னல் மூடிய பத்துக்குப் பத்து அறையில் ஆக்ஸிஜன் குறைந்துவிடும். நைட்ரஜனுக்கு நிறமும் வாசனையும் இல்லை, மூச்சும் முட்டாது, ஆள் மயங்கி விழுவதுதான் முதல் அறிகுறி. இன்றைக்கே அதைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிப் பூட்டுப் போட்ட கம்பிக் கூண்டில் வையுங்கள். மூடியை ஒருபோதும் டேப் போட்டோ துணி திணித்தோ இறுக்காதீர்கள், வாயு வெளியேற வழியில்லாவிட்டால் வெடிக்கும்.

நஷ்ட ஈடு

கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இல்லை என்று சொல்ல மாட்டேன். காசு கொடுத்து வாங்கிய பொருளிலோ சேவையிலோ குறை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் என்ன சொல்லிப் போவீர்கள்? குச்சிகள் ரெண்டு வருஷம் உங்கள் வீட்டில் இருந்தன, நைட்ரஜன் வற்றியது உங்கள் பொறுப்பில் இருந்தபோது, அதற்கு முன்னால் பாதிக்குப் பாதி நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் கொடுத்தபோது குச்சி நன்றாக இருந்தது என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி. சட்டைப் பையில் உருக்கியது அவர் தப்புதான், அதற்கு ரசீது கிடையாது, வீடியோ கிடையாது, அதனால்தான் நிற்கவில்லை என்று நிரூபிக்கவும் முடியாது. வழக்கு விவகாரங்களை வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும், ஆனால் கால்நடை மருத்துவராக என் கருத்து, இது நிற்காது.

அதைவிட, அவரை உட்கார வைத்துப் பேசுங்கள். முறையாகப் பயிற்சி எடுத்தவரா, எங்கே எடுத்தார் என்று கேளுங்கள். பயிற்சி இருந்தும் இப்படிச் செய்கிறார் என்றால் பழக்கத்தில் சோம்பல் வந்துவிட்டது, பிளாஸ்க்கும் தெர்மாமீட்டரும் நீங்கள் எடுத்து வைத்து "இதுல உருக்குங்க தம்பி" என்று சொன்னால் மறுக்க மாட்டார். மறுத்தால் ஆளை மாற்றுங்கள். இனிமேல் ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, மாடு, குச்சியில் உள்ள காளை எண், போட்டவர் பெயர், அன்றைக்கு நைட்ரஜன் எத்தனை சென்டிமீட்டர் என்று அஞ்சு கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள், காலிக் குச்சியையும் அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த தடவை ஏதாவது தப்பு நடந்தால் பேசுவதற்குக் கையில் ஏதாவது இருக்கும்.

ஹெப்பாளுக்குப் போகும்போது மூணு குச்சியை மட்டும் டீ பிளாஸ்க்கில் போட்டு எடுத்துப் போகலாமா என்று தோன்றும். வேண்டாம், கன்டெய்னரோடு போங்கள், புறப்படும் முன் நைட்ரஜன் நிரப்பிக்கொண்டு. உங்கள் வீட்டு ஆட்டோவே இருக்கிறது, ரெண்டு பக்கமும் திறந்திருக்கும், காரைவிட அது நல்லது. நிமிர்ந்து நிற்கும்படி கயிற்றால் கட்டிவிடுங்கள், எதன் மேலும் சாய்த்து வைக்காதீர்கள்.